புதிய கல்வியாண்டில் கணக்கு: பெற்றோர் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் இன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோராக இருப்பவர்களில் பெரும்பாலோர் சி.பி.இ. எனப்பட்ட தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வின் நிழலில் வளர்ந்தவர்கள். ஏறத்தாழ 11 வயதில் எழுதிய அந்த ஒரு தேர்வே எந்தக் கல்லூரியில், அதாவது இடைநிலைப் பள்ளியில், இடம் கிடைக்கும் என்பதை முடிவு செய்தது. 2017இல் அதற்குப் பதிலாகப் பி.எஸ்.ஏ.சி. என்ற தேர்வு வந்து, ஒன்பதாண்டு அடிப்படைக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய பதற்றம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஜனவரியில் புதிய குறிப்பேட்டுக்கு உறை போட்டு முடிப்பதற்குள் கணக்கில் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளின் கணக்குக் குறிப்பேடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் பிழைகளில் பலவற்றுக்கு, விடையை உடனே வரவழைத்துவிட வேண்டும் என்ற நம் அவசரமே காரணம் என்பது என் கருத்து. கீழே சொல்லப்படும் தவறுகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த அவசரத்தோடு தொடர்புடையவையே.

முதலாவது, வேடிக்கையாகச் சொல்லப்படும் ஒரு பேச்சு. "எனக்கும் கணக்கு வராது, உன் அப்பாவுக்கும் வராது, உனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?" என்று சொல்லிச் சிரிக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். பெரியவர்களுக்கு அது ஆறுதல். ஏழு வயதுப் பிள்ளைக்கோ அது குடும்பச் சொத்தாக வந்து சேரும் ஒரு தீர்ப்பு. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு முதல் இரண்டு வகுப்புகளின் பிள்ளைகளைக் கவனித்தது. கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றிருந்தார்கள் என்றும், அதே அச்சம் இருந்தும் அவ்வளவாக உதவாத வீடுகளில் இந்த விளைவு காணப்படவில்லை என்றும் அது தெரிவித்தது. இதைக் கேட்டதும், வீட்டுப்பாடத்திலிருந்து விடுதலை கிடைத்துவிட்டதாக மகிழும் தந்தையரும் உண்டு. ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுவன்று. அருகில் உட்காரும்போது நம் பதற்றத்தை வெளியே வைத்துவிட்டு உட்கார வேண்டும் என்பதே.

இந்தத் தீவில் கணக்கோடு மொழியும் சேர்ந்தே வருகிறது. பிள்ளை வீட்டில் கிரியோல் பேசுகிறான். தொலைக்காட்சியில் பிரெஞ்சு கேட்கிறான். தமிழ் வகுப்பில் தமிழ் எண்களைச் சொல்கிறான். ஆனால் கணக்குப் புத்தகமும் தேர்வுத்தாளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எண்களின் பெயர்கள் இந்த மொழிகளில் ஒரே வகையில் அமைந்தவை அல்ல. பிரெஞ்சிலும் அதை ஒட்டிய கிரியோலிலும் 75 என்பது அறுபதும் பதினைந்தும். 97 என்பது நான்கு இருபதும் பதினேழும். காதில் விழுந்ததை அப்படியே எழுதும் பிள்ளை 75ஐ 6015 என்று எழுதினால், அவன் கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறான் என்றே கொள்ள வேண்டும். ஆங்கிலத்திலோ 13க்கும் 30க்கும் உரிய பெயர்கள் கடைசி ஒலியில் மட்டுமே வேறுபடுவதால், சரியாகக் காதில் விழாத பிள்ளை ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிடுகிறான். இவற்றையெல்லாம் கவனக்குறைவு என்று திட்டுவதும், "ஆங்கிலத்தில் மட்டும் எண்ணு" என்று கட்டளையிடுவதும் பரவலாகக் காணப்படும் தவறுகள். பிள்ளைக்கு எந்த மொழியில் சிந்தனை ஓடுகிறதோ அந்த மொழியில் முதலில் விளக்கட்டும். அதன் பிறகு அதே கருத்துக்குப் புத்தகத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லைக் காட்டலாம். வரிசை இதுவாக இருந்தால் இரண்டும் நிலைக்கும்.

இந்த இடத்தில் தமிழ் நமக்குச் சிறப்பாகக் கைகொடுக்கிறது. எழுபத்தைந்து என்று சொல்லும்போதே ஏழு பத்தும் ஐந்தும் காதில் விழுகின்றன. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰ என்றும், நூறுக்கு ௱ என்றும் தனிக் குறிகள் இருந்தன. 52ஐ ௫௰௨ என்று எழுதினார்கள். ஐந்து பத்து, இரண்டு என்று அது தானே படித்துக் காட்டுகிறது. நம் ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தோடு தமிழ் எண்களும் இருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டாத பெற்றோர் இருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பு. தாளில் தமிழுக்கு உரிய இடம் மாறியதற்காக 1998இல் எவ்வளவு பெரிய எதிர்ப்பு எழுந்து, அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன என்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அதே தாளை வைத்து இட மதிப்பைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறோம்.

இட மதிப்பு விளங்காமல் கழித்தலுக்குப் போவதன் விளைவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் கிரேடு 2 அல்லது 3 பிள்ளைகள் பலர் 35 என்று எழுதுவார்கள். ஒன்றாம் இடத்தில் 2லிருந்து 7 போகாது என்பதால் அவர்கள் 7லிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதிவிட்டு, பத்தாம் இடத்தில் 5லிருந்து 2ஐக் கழித்து 3 என்கிறார்கள். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும் என்று நாம் முன்பு எப்போதோ சொல்லிவைத்ததை அவர்கள் உண்மையாகப் பின்பற்றியிருக்கிறார்கள். இதைக் கண்ட தாயோ தந்தையோ உடனே "பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு" என்று சொல்லி, 5ஐ அடித்து 4 ஆக்கி, விடையை 25 என்று திருத்திவிடுகிறார். விடை சரியாகிவிட்டது; பிள்ளையின் மனத்தில் இருந்த குழப்பம் அப்படியே இருக்கிறது. அடுத்த நாள் 402லிருந்து 178ஐக் கழிக்கும்போது, நடுவில் இருக்கும் சுழியத்திடம் என்ன கடன் வாங்குவது என்று திகைத்து நிற்பான்.

மாறாக, ஐந்து பத்து ரூபாய் நாணயங்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் மேசையில் வைத்து, அதிலிருந்து 27 ரூபாய் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பத்து ரூபாயை அவன் எளிதாகத் தள்ளிவிடுவான். ஏழு ரூபாய்க்கு வரும்போது சில்லறை போதாது என்பதைத் தானே கண்டு, ஒரு பத்து ரூபாயை மாற்றித் தரக் கேட்பான். பத்து ஒரு ரூபாய் நாணயங்களை எண்ணிக் கொடுத்தால் கையில் பன்னிரண்டு ஒரு ரூபாய் இருக்கும்; ஏழு போக ஐந்து மிஞ்சும். இங்கே யாரும் கடன் வாங்கவில்லை. பத்து ரூபாய் சில்லறையானது, அவ்வளவுதான். இதை இரண்டு மூன்று முறை செய்த பிறகு குறிப்பேட்டில் அடித்து எழுதும் முறையைக் காட்டினால், அந்தக் கோடுகளுக்குப் பொருள் பிறந்துவிடும். பள்ளியில் மிஸ் வேறு முறையில் எழுதச் சொல்லியிருந்தால் அந்த முறையையே பின்பற்றுங்கள். நாம் படித்த முறைதான் உயர்ந்தது என்று வாதிட்டு இரண்டு முறைகளுக்கு நடுவில் பிள்ளையை நிறுத்துவது எவருக்கும் பயன்படாது.

சொற்கணக்குகளில் நாம் கற்றுக்கொடுக்கும் குறுக்குவழி இன்னும் ஆபத்தானது. மொத்தம் என்று பொருள்படும் சொல் வந்தால் கூட்டு, மீதம் என்று வந்தால் கழி, கூடுதல் என்று வந்தால் கூட்டு என்று ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டிவைக்கும் பெற்றோர் உண்டு. இந்தக் கணக்கைப் பாருங்கள்: மீனாவிடம் 12 லிச்சிப் பழங்கள் இருக்கின்றன, அனிலிடம் இருப்பதைவிட அவளிடம் 5 பழங்கள் கூடுதல், அப்படியானால் அனிலிடம் எத்தனை? பட்டியலை நம்பிய பிள்ளை 17 என்பான். விடை 7. ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளை தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது இயல்பு என்பதால், நம் பள்ளிகளில் இந்தப் பிழைக்கு இடம் அதிகம். கேள்வியைப் படித்த உடன் பென்சிலை எடுக்காமல், அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கிரியோலிலோ தமிழிலோ சொந்த வார்த்தைகளில் சொல்லவைத்து, யாரிடம் அதிகம் என்று ஒரு கோட்டுப்படம் வரையச் சொன்னால், கூட்டுவதா கழிப்பதா என்பது பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும்.

சமக் குறியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். கட்டத்தில் 12 என்றோ, எல்லாவற்றையும் கூட்டி 17 என்றோ எழுதும் பிள்ளைகள் மேல்வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அந்தக் குறி வந்தால் விடை எழுத வேண்டும் என்று மட்டுமே அவர்களுக்குத் தெரியும். இரு பக்கமும் ஒரே அளவு என்பது தெரியாது. கட்டத்துக்கு உரியது 7. நாமே கடைக் கணக்கைப் போடும்போது 7 + 5 = 12 − 3 = 9 என்று ஒரே வரியில் இழுத்து எழுதுகிறோம் அல்லவா, அது இந்தத் தவறான பழக்கத்துக்குத் துணைபோகிறது. பின்னாளில் இயற்கணிதம் தொடங்கும்போது இதன் விலை தெரியவரும்.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதற்கு நான் எதிரியல்லன். நம் முன்னோர் மனக்கணக்கில் காட்டிய வேகத்துக்கு அதுவே அடிப்படை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வதுதான் தவறு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று பாடத் தெரிந்த பிள்ளைக்கு எட்டேழும் அதுவே என்பது தெரியவில்லை என்றால், பாதி வேலை வீண். 7 × 8 மறந்துபோனால் 7 × 4ஐ இரட்டித்துக்கொள்ளலாம் என்று அவன் அறிந்திருந்தால் மறதி பெரிய இழப்பாகாது. அதுபோலவே, கைவிரலால் எண்ணும் ஆறு வயதுப் பிள்ளையின் கையைத் தட்டிவிட வேண்டாம். எண்கள் மனத்தில் படியப் படிய விரல்கள் தாமாக ஓய்ந்துவிடும்.

பின்னங்களில் ஒரு தவறு மட்டும் சொல்லிவைக்கிறேன். 8 என்பது 4ஐவிடப் பெரியது என்பதால் 1/8 என்பது 1/4ஐவிடப் பெரியது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். விதியைச் சொல்லித் திருத்துவதற்கு முன், ஒரு ஃபராட்டாவை நான்காகவும் இன்னொன்றை எட்டாகவும் வெட்டிக் காட்டிவிட்டால் போதும். காலில் அரை அரைக்கால் என்று தமிழிலும் சொல்லிவையுங்கள்.

தனிப்பாடம், அதாவது நாம் லெசோன் என்று சொல்வது, எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவை என்ற நம்பிக்கை இங்கே மிக ஆழமானது. சிறு வகுப்புகளில் அதற்குச் சட்டமே கட்டுப்பாடு விதித்திருக்கிறது என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பள்ளி முடிந்து மேலும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு, தான் என்ன புரிந்துகொண்டான் என்பதை எவரிடமாவது சொல்லிப் பார்க்க நேரமே இருப்பதில்லை. காவடி விரத நாள்களில் கோயிலிலிருந்து இரவு தாமதமாகத் திரும்பும் பிள்ளையைத் தூங்கவிடாமல் கணக்குப் போடவைப்பதைக் காட்டிலும், ஆசிரியருக்குக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி அனுப்புவது மேல். பி.எஸ்.ஏ.சி. பழைய வினாத்தாள்களைக் கிரேடு 4லேயே வாங்கி அடுக்குவதும் வேண்டாத வேலை. கற்காத பாடத்திலிருந்து வரும் கேள்விகள் தோல்வியை மட்டுமே பழக்கும்.

முதல் பெற்றோர் கூட்டத்தில் பெரும்பாலோர் மதிப்பெண்ணையும் வகுப்பில் பிள்ளையின் இடத்தையும் பற்றியே கேட்கிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் அதற்கு ஆசிரியரிடம் சொல்ல எதுவும் இருக்காது. "இந்தப் பருவத்தில் கழித்தலை எந்த முறையில் கற்பிக்கிறீர்கள், மிஸ்? சொற்கணக்கில் என் மகள் தடுமாறுவது மொழியிலா, கணக்கிலா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு உடனே விடை கிடைக்காவிட்டாலும், அடுத்த சில வாரங்களுக்கு ஆசிரியர் அந்தப் பிள்ளையைக் கூர்ந்து கவனிப்பார்.