நாடக அரங்கமைப்பைத் தரைப்படத்திலிருந்து தொடங்குதல்

முதன்முறையாக அரங்கமைக்க முன்வருபவர்கள் பெரும்பாலும் அழகான காட்சி ஒன்றை வரைந்து முடித்த பிறகே அதை எப்படிக் கட்டுவது என்று யோசிக்கிறார்கள். அந்த ஓவியத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, நாடகப் பிரதியை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை பென்சிலுடன் அமர்ந்து யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், எதன்மேல் உட்காருகிறார், எங்கே ஒளிந்துகொள்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ‘கதவை ஓங்கிச் சாத்துகிறாள்’ என்ற ஒரு குறிப்பு போதும். துணி தைத்த தட்டியில் கதவைப் பொருத்தியிருந்தால் அந்த அதிர்வில் சுவர் முழுவதும் ஆடிவிடும்.

அடுத்தது மேடையை அளப்பது. அரங்கத்தார் தரும் வரைபடம் இருந்தாலும், அகலம், ஆழம், உயரம், பக்கத் திரைகளுக்குப் பின்னுள்ள இடம் ஆகியவற்றை நாமே அளவு நாடா பிடித்து அளக்க வேண்டும். பொருட்கள் உள்ளே வரும் வாசலின் அளவும் முக்கியம். ஒரு முறை முழுதாகச் செய்து கொண்டுபோன படிக்கட்டு பின்வாசலில் நுழையாததால், வெளியில் வைத்தே அதை இரண்டாக அறுத்திருக்கிறேன்.

இந்த அளவுகளைக் கொண்டு 1:25 விகிதத்தில், அதாவது 1 மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் என்ற கணக்கில், தரைப்படம், அதாவது மேலிருந்து பார்த்தால் தெரியும் அமைப்பு, வரைய வேண்டும். அதில் பார்வையாளர் இருக்கைகளும் இடம்பெற வேண்டும். முதல் வரிசையின் இரு கோடி இருக்கைகளிலிருந்து மேடை முகப்பின் பக்க விளிம்பைத் தொட்டுச் செல்லுமாறு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பது எதுவும் அந்த இருக்கைக்குத் தெரியாது. பக்கச் சுவர்களை நேராக வைக்காமல் முன்புறம் விரியுமாறு சாய்த்து வைப்பது இதனால்தான். அரங்கை நெடுக வெட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோன்ற பக்கவாட்டு வெட்டுப்படம் ஒன்றும் தேவை. மாடி இருக்கையில் இருப்பவருக்கு, மேடையின் பின்பகுதியில் உயரமான தளத்தில் நிற்கும் நடிகரின் தலையை, மேலே குறுக்கே தொங்கும் மேல்திரை மறைத்துவிடக்கூடும். 1545-இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் செபாஸ்தியானோ செர்லியோ அச்சில் தந்த தெருக்காட்சிகளைப் போன்ற, தொலைவின் மாயத்தைத் தீட்டிக் காட்டும் அமைப்புகள் சரியான கோணத்தில் தெரிவது ஏறக்குறைய ஒரே இருக்கைக்குத்தான். மற்ற இருக்கைகளுக்கு அவை கோணலாகவே தெரியும்.

பக்கச் சுவரில் கதவு வைப்பதாக இருந்தால், கீலை மேடையின் பின்பக்கம் இருக்கும் நிலைச்சட்டத்தில் பொருத்தி, கதவு மேடைக்கு வெளிப்புறம் திறக்குமாறு செய்ய வேண்டும். அப்போது திறந்த கதவே பின்னால் நிற்பவர்களை மறைத்துவிடும். நுழையும் நடிகரின் முகமும் அவைக்குத் தெரியும்.

பிறகு வெள்ளை அட்டையில் அதே விகிதத்தில் ஒரு மாதிரி செய்ய வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் அதில் 6.6 சென்டிமீட்டர் அட்டை உருவமாகிறார். அவரை நிறுத்திப் பார்க்கும் வரை பிரமாண்டமாகத் தோன்றிய தூண், அவர் அருகில் வந்ததும் அவரை விழுங்கிவிடுவது கண்கூடாகத் தெரியும். வண்ணம் பூசுவதற்கு முன்பே இயக்குநரிடமும் ஒளியமைப்பாளரிடமும் இந்த மாதிரியைக் காட்டிவிடுவது நல்லது.

கட்டுமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளைவுட் பலகை பொதுவாக 8க்கு 4 அடி என்பதால், தட்டிகளை அந்த அளவையொட்டித் திட்டமிட்டால் வீணாவது குறையும். ஒவ்வொரு தட்டிக்கும் பின்னால் முக்கோணத் தாங்கலும் அதன் அடிச்சட்டத்தின் மேல் மணல் மூட்டையும் வேண்டும். படிகளின் உயரம் 15 முதல் 18 சென்டிமீட்டருக்குள், எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு படி மட்டும் மாறினால் இருட்டில் கால் அங்கேதான் இடறும். துணிகளுக்குத் தீத்தடுப்புப் பூச்சைத் தவிர்க்கவே கூடாது.

வண்ணத்தைப் பட்டறை வெளிச்சத்தில் முடிவு செய்யக்கூடாது. நீல ஒளியில் சிவப்பு ஏறக்குறையக் கறுத்துவிடும். தூய வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பியடித்து, முகங்களை மங்கலாக்கிவிடும். சுவருக்கு ஒரே நிறத்தைச் சீராகப் பூசினால் அது அட்டைபோலவே தெரியும் என்பதால், நெருங்கிய இரண்டு மூன்று சாயல்களைத் தெளித்தும் தேய்த்தும் பூசி, 10 மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

மரத்தை அறுப்பதற்கு முன், ஒத்திகைக் கூடத்தின் தரையில் முழு அளவுத் தரைப்படத்தை வண்ண நாடாவால் ஒட்டிவிட வேண்டும். நடிகர்கள் நாடாவை மிதித்து இல்லாத சுவருக்குள் நடந்தால், குறை பெரும்பாலும் நம் படத்தில்தான் இருக்கும். அதை அப்போது ஒரு ரப்பரால் அழித்துத் திருத்திவிடலாம்.