மறைகுடிலில் ஓர் இரவு: பழுப்புக் கரடி பார்க்க முதன்முறை போகிறவர்களுக்கு

தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் கம்பிக்குப் பின்னால் நின்றதுதான் நான் பார்த்த முதல் கரடி. இரண்டாவதை வில்பத்துவில், ஜீப்புக்கு முன்னால் பத்து வினாடி பார்த்தேன். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பற்றைக்குள் போய்விட்டது. மூன்றாவதைப் பார்க்கக் கட்டுநாயக்காவிலிருந்து பின்லாந்து வரை போக வேண்டியிருந்தது. ரஷ்ய எல்லையை ஒட்டிய காட்டில், பலகையால் அடித்த ஒரு சின்னக் குடிலுக்குள் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து வெள்ளவத்தையில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விகள்: பயமில்லையா, விசா தருகிறார்களா, சாப்பாட்டுக்கு என்ன செய்தாய்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

‘சிவபூசையில் கரடி புகுந்ததுபோல’ என்று நாம் சொல்வோம். அந்தக் கரடி ஒரு வாத்தியம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அது வேறு கதை. இந்தப் பயணத்தில் பூசை கரடியுடையது, புகுகிறவர்கள் நாம். கீழே வரும் படிகளில் முக்கால்வாசி, புகுந்தது தெரியாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றியவைதான்.

படி 1: கரடியையும் நாட்டையும் தேர்ந்தெடுங்கள்

நம் நாட்டுக் கரடி வேறு இனம். கறையான் புற்றைக் கிளறித் தின்னும். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுத்தால் மரத்தில் ஏறிவிடும். குட்டியை முதுகில் சுமக்கும். கிட்டத்தில் திடுக்கிட்டுவிட்டால் பாய்ந்துவிடும். வன்னிக் காட்டுக்குத் தேன் எடுக்கப் போனவர்களிடம் கேட்டால் யானையைவிடக் கரடிக்கே பயம் என்பார்கள். ஆகவே இங்கே ஜீப்பை விட்டு இறங்காமல் பார்ப்பதே முறை.

ஐரோப்பாவின் பழுப்புக் கரடி உருவத்தில் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தொடும். ஆனால் மனித வாடை பட்டால் பெரும்பாலும் தானே விலகிப் போய்விடும். அதனால்தான் மறைந்திருந்து பார்க்கும் வழக்கம் அங்கே வளர்ந்தது.

போகக்கூடிய இடங்கள் பல. பின்லாந்தில் கூமோ, சுவோமுசால்மி, கூசமோ ஆகிய கிழக்குப் பகுதிகள். எஸ்தோனியாவில் வடகிழக்கே உள்ள அலுத்தகுசேக் காடு. ஸ்லோவேனியாவிலும் ருமேனியாவின் கார்பேத்திய மலைகளிலும் மாலை நேரத்தில் சில மணி நேரம் மட்டும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் பயணங்கள் உண்டு. முதுகுவலிக்காரர்களுக்கும் பத்து வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்கும் அந்த மாலைப் பயணமே நல்லது. இரவு முழுவதும் விழித்திருக்கத் தயார் என்றால் பின்லாந்தைச் சொல்வேன். கரடி அந்த நாட்டின் தேசிய விலங்கு. பழைய காலத்தில் அதன் பெயரை நேரடியாகச் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து, ‘தேன் கை’ என்று பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தார்களாம். இரவில் பாம்பைப் ‘பூச்சி’ என்று சொல்லும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

படி 2: மாதத்தைக் குறியுங்கள்

பின்லாந்துக் கரடி ஒக்டோபர் வாக்கில் குகைக்குள் போய் உறங்கி ஏப்ரலில் எழும்பும். பயணங்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை நடக்கும். மே மாதத்தில் நுளம்பு குறைவு. ஜூனில் இரவு முழுவதும் வெளிச்சம் போகாது; நள்ளிரவிலும் கரடியின் முகம் தெரியும். தாய்க் கரடிகள் குட்டிகளோடு நடமாடும் காலமும் அதுதான். ஓகஸ்டில் இருட்டு திரும்பிவிடும், ஆனால் உறக்கத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்கக் கரடிகள் ஓயாமல் தின்னும்.

நான் ஜூனைத் தேர்ந்தேன். பொசன் போயா லீவோடு சில நாளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம். நுளம்பு அதிகம்தான். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவனுக்கு நுளம்பைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அந்த நுளம்பு என் ஆணவத்தை அடக்கிவிட்டது.

படி 3: விசாவும் விமானமும்

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். மேலே சொன்ன நான்கு நாடுகளுக்கும் அதே விசாதான். ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போவதானால், அதிக நாள் தங்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். ஆனால் கடைசி வரை இழுக்காதீர்கள். பரிசீலனை 45 நாள் வரை நீளலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும்.

கரடி பார்க்கப் போகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்படாதீர்கள். பயண ஏற்பாட்டாளர் தரும் உறுதிக் கடிதத்தில் குடிலில் தங்கும் திகதி இருக்கும், அதையே இணைத்துவிடுங்கள். விமானம் வளைகுடா நகரம் ஒன்றிலோ இஸ்தான்புலிலோ மாறி ஹெல்சின்கி போகும். அங்கிருந்து கயானி அல்லது கூசமோவுக்கு உள்நாட்டு விமானம். பின்லாந்தின் கோடைகால நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. போய் இறங்கிய அன்றே குடிலுக்குப் போகாதீர்கள், தூங்கிவிடுவீர்கள். ஒரு நாள் இடைவெளி விடுங்கள். முடிந்தால் இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்யுங்கள். முதல் இரவில் கரடி வராமல் போகலாம்.

படி 4: பணம் கட்டும் முன் கேளுங்கள்

குடிலில் எத்தனை பேர்? படுக்கை உண்டா? கழிவறை உள்ளேயா? எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? எல்லைப் பகுதிக்குள் போக அனுமதி எடுக்க வேண்டுமானால் அதை யார் எடுப்பது? இவற்றோடு இன்னொரு கேள்வி: கரடிக்கு என்ன வைக்கிறீர்கள்?

ஆம், சாப்பாடு வைக்கிறார்கள். பெரும்பாலான குடில்களுக்கு முன்னால் மீன், இறந்த கால்நடையின் இறைச்சி, நாய்த் தீனி என்று ஏதாவது போடப்பட்டிருக்கும். இது எனக்கு முதலில் உறுத்தியது. உடவளவை வேலியோரம் பழத்துக்காகக் காத்து நிற்கும் யானைகளையும், புத்தள – கதிர்காமம் வீதியில் வாகனத்தை மறித்துக் கப்பம் கேட்கும் யானையையும் பார்த்தவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வீதியில் யானை மனிதக் கையிலிருந்து வாங்கித் தின்கிறது. அதன் மனத்தில் வாகனமும் சாப்பாடும் ஒன்றாகிவிடுகிறது. நல்ல குடிலில் கரடி வராத பகல் நேரத்தில், கொஞ்சமாக, பலகைக்கும் மரக்கட்டைக்கும் கீழே ஒளித்து வைப்பார்கள். கரடி மனிதரைக் காண்பதே இல்லை. அப்படியும் என் உறுத்தல் முழுதாகப் போகவில்லை. கையால் எறிந்து காட்டுகிறோம், கிட்டவே வரவழைக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள். இந்த அளவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

படி 5: கொழும்பிலேயே உட்காரப் பழகுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. குடிலுக்குள் மாலை ஐந்து மணியளவில் போனால் மறுநாள் காலை ஏழு, எட்டு மணி வரை வெளியே வர முடியாது. காலி வீதி ஹோர்ன் சத்தத்தில் வாழ்கிற நமக்கு, பதினான்கு மணித்தியாலம் கதைக்காமல் இருப்பது கரடியைவிடப் பெரிய பயம்.

கொழும்பு 2018 இல் ஈரநில நகரமாக ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரம் பெற்றது. அதன் பயனை இப்போது எடுங்கள். கோட்டே பகுதியில் பெத்தகான, தலவத்துகொடையில் தியசரு ஆகிய ஈரநிலப் பூங்காக்கள், அப்பால் தலங்கமை ஏரி. எதற்காவது விடியற்காலை போய் ஓரிடத்தில் உட்காருங்கள். முதல் நாள் அரை மணி நேரம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. கைபேசியை அணைத்துப் பைக்குள் போடுங்கள். இருமல் வந்தால் கைமுட்டிக்குள் அடக்கப் பழகுங்கள். கானாங்கோழி உங்களைக் கணக்கில் எடுக்காமல் காலடிக்குப் பக்கத்தில் மேய்ந்தால் தேறிவிட்டீர்கள்.

தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோவதிலும் பயிற்சி வேண்டும். வெடுக்கென்று தூக்கக் கூடாது. தேத்தண்ணீர்க் கோப்பை நிறைந்திருப்பதுபோல மெதுவாக உயர்த்த வேண்டும்.

படி 6: பையைக் கட்டுங்கள்

உடுப்பு எல்லாம் கடும் நிறத்தில், சரசரக்காத துணியில். ஜூன் இரவில் நுவரெலியாக் குளிரைவிடச் சற்றுக் கூடுதலாக எதிர்பாருங்கள். குளிரங்கியைப் புறக்கோட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சியவை விற்கும் கடைகளில் நியாயமான விலைக்கு எடுக்கலாம். ஆனால் வாங்கும்போது கையை அப்படியும் இப்படியும் உரசிப் பாருங்கள். சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. கம்பளிக் காலுறை இரண்டு சோடி. குடிலுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு இருப்பதுதான் வசதி.

தொலைநோக்கி 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீற்றர்) போதும். கமராவில் ஓசையற்ற முறை இருந்தால் அதைப் போடுங்கள். பிளாஷையும் குவியத்துக்கு உதவும் சிவப்பு விளக்கையும் நிறுத்திவிடுங்கள். 300 மில்லிமீற்றர் லென்ஸ் தாராளம்.

சாப்பாட்டில் நான் பிழை விட்டேன். முறுக்கும் மிக்சரும் கொண்டு போயிருந்தேன். பொலித்தீன் பையைப் பிரித்ததும் பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. முறுக்கைக் கடிக்க முடியாமல் வாயில் ஊறவைத்து விழுங்கினேன். பயற்றம் உருண்டையும் பேரீச்சம்பழமும் துணிப் பையில் கொண்டு போங்கள். ஓசையும் இல்லை, வாடையும் இல்லை. இறைச்சியும் பால் பண்டமும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் மாசிச் சம்பலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். வேண்டாம். அந்த மணம் கரடிக்கு முன்னால் வழிகாட்டிக்கே போய்ச் சேரும்.

வாசனைத் திரவியம், பூ மணச் சோப்பு, தலைக்கு எண்ணெய் எதுவும் அன்று கூடாது. அம்மா என் பையில் தைலக் குப்பி ஒன்றை வைத்துவிட்டிருந்தார். நான் அதைத் திறக்கவே இல்லை. வழிகாட்டி மூக்கைச் சுளித்து, என்னைக் கேட்காமலே அதை எடுத்துத் தன் வாகனத்தில் வைத்துவிட்டார்.

கழிவறை உள்ளேயே ஒரு மூலையில், திரைக்குப் பின்னால், தண்ணீர் இல்லாமல் இருக்கும். மணமில்லாத ஈரத் தாள் ஒரு பொதி எடுத்துச் செல்லுங்கள். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

படி 7: குடிலுக்குள் போங்கள்

வழிகாட்டி முன்னே போவார், நீங்கள் ஒன்றாகப் பின்னே. வழியில் கதை வேண்டாம். உள்ளே போனதும் கதவு சாத்தப்படும்; காலை வரை வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது.

குடில் ஏறக்குறைய ஒரு தோட்டக் காவல் கொட்டில் அளவு. முன்பக்கம் நீளக் கண்ணாடி, அதன் கீழே கமரா நீட்டத் துணி தொங்கும் துளைகள். நம் மூச்சு வாடையை மேலே கொண்டுபோகக் கூரையைத் தாண்டி ஒரு குழாய். முதலில் அந்தத் துளை வழியே வெளியே பார்த்தபோது எனக்கு வந்த சொல் ‘பதுங்குகுழி’. என் வயதில் இருக்கிற, வடக்கில் உறவினர் உள்ள எவருக்கும் அந்தச் சொல்தான் வரும். சில நிமிடம் பிடித்தது. பிறகு சதுப்பு நிலத்தில் பஞ்சுப் புல் வெள்ளையாக ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

உட்கார்ந்ததும் கதிரையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். தண்ணீர், சாப்பாடு, தொலைநோக்கி எல்லாம் கை எட்டும் இடத்தில் வையுங்கள். பிறகு அண்டங்காகங்களைப் பாருங்கள், கரடியைத் தேடாதீர்கள்.

படி 8: கரடி வந்ததும்

ஒன்பதரை மணி. இரண்டு மணித்தியாலமாக மீன் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்டங்காகங்கள் திடீரென்று தத்திப் பின்வாங்கின. எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. நான் அங்கே பார்த்தேன், ஒன்றுமில்லை. ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஒரு நிழல் மட்டும் மற்ற நிழல்களைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. அந்த நிழலுக்குக் காது முளைத்தது.

அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சுள்ளி முறியும் சத்தம் இல்லை. அது மூக்கை உயர்த்தி இடம் வலமாகக் காற்றை வாசித்தது. நுனி மூக்கு தனியாக அசைவது தொலைநோக்கியில் தெரிந்தது. முன்கால் ஒன்றைத் தூக்கியபடி அப்படியே நின்றது, மடைப்பள்ளி வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும் பிள்ளை மாதிரி. பிறகு வந்து மரக்கட்டையை ஒரு தட்டில் புரட்டியது. நான் இரண்டு கையாலும் அசைக்க முடியாத கட்டை.

இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. முதல் ஐந்து நிமிடம் கமராவைத் தொடாதீர்கள். கரடி வந்தவுடன் கேட்கும் சின்ன ஓசைதான் அதை விரட்டும். தின்னத் தொடங்கிய பிறகு கொஞ்சம் பொறுக்கும். அது தலையை உயர்த்தினால் இருந்தபடியே உறையுங்கள், குனிந்தால் அசையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஏதாவது காட்ட வேண்டுமென்றால் விரலை நீட்டாமல் முழங்காலைத் தட்டுங்கள். குட்டிகள் மரத்தில் ஏறினால் பெரிய ஆண் கரடி ஒன்று கிட்டத்தில் இருக்கலாம் என்று பொருள். மற்றப் பக்கத்தையும் கவனியுங்கள்.

தூக்கம் வந்தால் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன்காரரும் நானும் சைகையாலேயே அப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒன்றரை மணிக்கு அவர் என் முழங்காலைத் தட்டியபோது வெளியே ஒரு தாயும் மூன்று குட்டிகளும்.

படி 9: காலையில்

வழிகாட்டி வந்து கதவைத் தட்டும் வரை காத்திருங்கள். எத்தனை கரடி, எத்தனை மணிக்கு என்று கேட்பார். ஆகவே இரவிலேயே குறித்து வையுங்கள், காலையில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு அதே வழியில், அதே வரிசையில் திரும்ப வேண்டும்.

திரும்பும்போது நிலத்தைப் பாருங்கள். நாங்கள் முதல் நாள் மாலை வந்த ஒற்றையடிப் பாதையில், என் சப்பாத்துத் தடத்தின் மேலேயே ஐந்து விரலும் நகமும் பதிந்த அடி ஒன்று கிடந்தது. என் கையை விரித்து அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வழிகாட்டி சிரித்துக்கொண்டு, குடிலுக்குப் பின்புறம் கிடந்த மற்ற அடிகளையும் காட்டினார். நாங்கள் கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அது பின்னால் வந்து சுவரை மோந்துவிட்டுப் போயிருக்கிறது.