டேப்பும் கோணமானியும் போதும்: முக்கோண முறையில் வரைபடம் வரைவது எப்படி?

1802இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஒரே ஒரு நேர்கோட்டை, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் தொடங்கியது. ஒரு கோட்டைத் துல்லியமாக அளந்துவிட்டால், மற்ற தூரங்களைக் கோணங்களே சொல்லிவிடும். அதே முறையில் உங்கள் ஊர் ஏரியை வரைவோம்.

1. அடிக்கோடு

கரையில் சமதளமான இடத்தில் 100 மீட்டர் இடைவெளியில் அ, ஆ என இரண்டு முளைகளை அடியுங்கள். இரண்டுக்கும் இடையிலான கோடுதான் அடிக்கோடு. டேப் தொய்யக்கூடாது. இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். இங்கே வரும் பிழை படம் முழுக்கப் பரவும். லாம்டன் தன் எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் அது நீள்வதைக் கணக்கிட வெப்பமானியும் வைத்தார். அந்தப் பொறுமை இந்த வேலைக்குக் கட்டாயம் வேண்டும்.

2. கோணம்

ஒரு பலகையில் கோணமானியை ஒட்டி, அதன் மையத்தில் குண்டூசி குத்தி, சுழலும்படி ஒரு ஸ்ட்ராவை மாட்டுங்கள். பலகையை அ முளைக்கு மேல் வைத்து, சுழியக் கோட்டை ஆ பக்கம் திருப்புங்கள். அப்புறம் பலகை அசையாமல், ஸ்ட்ரா வழியாக எதிர்க்கரைப் பனைமரத்தைப் பாருங்கள். 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஆ முளையிலிருந்தும் இப்படியே பார்த்தால் 70 பாகை.

3. வரைதல்

10 மீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்து 10 செ.மீ. கோடு போடுங்கள். இரு முனைகளிலும் அந்தக் கோணங்களை வரைந்தால், கோடுகள் வெட்டும் இடம்தான் பனைமரம். அ முனையிலிருந்து சுமார் 12.3 செ.மீ. வரும். அதாவது தண்ணீரில் இறங்காமலே 123 மீட்டர் கிடைத்துவிட்டது! கோணம் 30 பாகைக்குக் கீழே போனால் வெட்டும் புள்ளி தெளிவாகத் தெரியாது, வேறு இடம் பாருங்கள்.

4. அடுத்த முக்கோணம்

இப்போது அ–பனைமரம் கோடே புது அடிக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் கோயில் கோபுரத்தைக் குறிவையுங்கள். இப்படியே நீட்டிக்கொண்டு போகலாம். சமவெளியில் மரங்கள் மறைத்தால் உயரமான இடம் தேட வேண்டும். லாம்டன் குழு 1808இல் கோணம் அளக்கும் அரை டன் கருவியான தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்தது. அவரே அதைச் சரிசெய்தார்.

5. சரிபார்த்தல்

கடைசி முக்கோணத்தில் ஒரு பக்கத்தை டேப்பால் அளந்து, படத்தோடு ஒப்பிடுங்கள். லாம்டனும் பெங்களூரு அருகே 1804இல் இன்னொரு அடிக்கோட்டை அளந்து சரிபார்த்தார். கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் சில அங்குலமே. உங்களுக்கு இரண்டு மூன்று மீட்டர் வந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் முதலில் அடிக்கோட்டைத் திரும்ப அளந்து பாருங்கள்.