பென்ஷன், டெபாசிட் வட்டி, தேயிலைப் பணம்: ரிட்டர்ன் போட வேண்டுமா?

"12 லட்சம் வரைக்கும் வரி இல்லையே, ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) எதுக்கு?" குன்னூர், கோத்தகிரி பக்கம் பென்ஷன்காரர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். 12 லட்சம் என்பது வரித் தள்ளுபடிக்கான வரம்பு. ரிட்டர்னுக்கான வரம்பு 4 லட்சம்தான் (2025-26 நிதியாண்டு, புதிய முறை, எந்த வயதானாலும்). எஸ்டேட் பி.எஃப். பென்ஷன் மட்டுமே வருமானம் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

முதலில் பேப்பரில் கணக்குப் போடுங்கள். அருவங்காடு தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒருவர், வயது 66 என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000. இதில் நிலையான கழிவு 75,000 போக 2,61,000. ஒரே வங்கியில் டெபாசிட் வட்டி 1,10,000. மொத்தம் 3,71,000. ரிட்டர்ன் கட்டாயமில்லை. 75,000-ஐக் கழிக்க மறந்தால் 4,46,000 என்று வந்து வீணாகப் பயப்படுவீர்கள். குடும்பப் பென்ஷனுக்கு இந்தக் கழிவு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது.

வரம்புக்குள் இருந்தாலும் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 50,000-ஐத் தொட்டாலோ (60 வயதுக்குக் கீழ் என்றால் 25,000), மின்கட்டணம் ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டினாலோ, வெளிநாட்டுப் பயணச் செலவு 2 லட்சத்தைத் தாண்டினாலோ போட்டாக வேண்டும்.

அடுத்தது டி.டி.எஸ். வட்டி 1 லட்சத்தைத் தாண்டியதால், வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதித் தரும் 15எச் படிவத்தைக் கொடுக்காதவரிடம் வங்கி 10 சதவீதம், அதாவது 11,000 பிடித்திருக்கும். தாண்டிய 10,000-க்கு மட்டுமல்ல, முழு வட்டிக்கும் பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். பிடித்ததைத் திரும்பப் பெற ரிட்டர்ன் ஒன்றே வழி. ஆகவே கட்டாயமில்லை என்றாலும் போடுங்கள். 11,000 உங்கள் பணம்.

இங்கேதான் மலைக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். சொந்தத் தோட்டத்துப் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குப் போட்டு வாங்கும் பணம் விவசாய வருமானம், வரி கிடையாது. மேலே சொன்ன 4 லட்சக் கணக்கிலும் அது சேராது. ஆனால் பறிப்புக் கூலி, உரச் செலவு போக 5,000-க்கு மேல் நின்றால் எளிய ரிட்டர்ன் படிவமான ஐ.டி.ஆர்-1 செல்லாது. ஐ.டி.ஆர்-2 எடுத்து, விலக்கு வருமானத்துக்கான அட்டவணையில் காட்டுங்கள்.

வருமான வரித் துறையின் தளத்திலேயே நேரடியாகப் போடுவது நல்லது. பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் பதிவில் உங்கள் மொபைல் எண்ணே இருக்கட்டும். அந்தத் தளத்திலேயே இருக்கும் ஏ.ஐ.எஸ்.-ஐ (ஆண்டுத் தகவல் அறிக்கை) திறந்து வட்டித் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்காவிட்டால் ரிட்டர்ன் செல்லாது. சிக்னல் இல்லாத ஊர் என்றால் டவுனிலேயே முடித்துவிடுங்கள். கடைசி நாள் ஜூலை 31.

பிறகு சேர்த்தது: 75 வயதானால் ரிட்டர்ன் போடுவதிலிருந்து தானாக விலக்கு கிடைத்துவிடாது. பென்ஷன் வரும் அதே வங்கியிலிருந்து மட்டுமே வட்டியும் வர வேண்டும்; 12பி.பி.ஏ. என்ற உறுதிமொழிப் படிவமும் அங்கே கொடுத்திருக்க வேண்டும். போஸ்ட் ஆபீஸில் ஒரு டெபாசிட் இருந்தாலும் இந்தச் சலுகை பொருந்தாது.