மொச்சையும் வயிற்று உப்புசமும்

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் காய்ந்த மொச்சைக் குழம்போ கொண்டைக்கடலைச் சுண்டலோ உண்ட பின் வயிறு உப்பிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம், பயறுகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள்தாம். இவற்றை உடைக்கும் ஆல்பா கேலக்டோசிடேஸ் என்ற நொதி நம் சிறுகுடலில் சுரப்பதில்லை. ஆகவே அவை செரிக்காமலே பெருங்குடலை அடைய, அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கவைத்து, ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன் ஆகியவற்றையும், கூடவே குடற்சுவரின் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களையும் உண்டாக்குகின்றன. இந்த நன்மையை எண்ணியாவது பயறுகளை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம்.

இச்சர்க்கரைகள் நீரில் கரைபவை என்பதால், பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்டு, புது நீரில் குழைய வேகவையுங்கள். முளைகட்டிச் சமைத்தால் இன்னும் நல்லது. முளைக்கும் விதை தன் வளர்ச்சிக்கே இவற்றைச் செலவிட்டுவிடும். பழக்கமில்லாதவர்கள் சிறு அளவில் தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டலாம். பூண்டிலும் ஃபிரக்டான் என்னும் செரிக்காத மாவுப்பொருள் இருப்பதால், உப்புசம் மிகுந்தவர்கள் உளுந்தம்பருப்புச் சோற்றில் பூண்டை மட்டும் குறைத்துப் பார்க்கலாம்.