கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது மூலிகைப் பூச்சைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கி இரண்டு, மூன்று வாரங்களில் தோல் சிவந்து, கருத்து, எரியத் தொடங்கும். பார்க்க வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு மூலிகையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எதைத் தடவும் முன்பும், அதில் சேர்ந்துள்ள சரக்குகளை எழுதிக்கொண்டு போய்ச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டுங்கள். பாளையங்கோட்டைச் சித்த மருத்துவர் தந்த தைலமானாலும் காட்டத்தான் வேண்டும்.

பெயரைக் கேட்டு ஏமாறவும் கூடாது. 2004இல் பிரான்சில் மார்பகப் புற்றுநோயாளர் 254 பேரிடம் நடந்த ஆய்வில், மிதமான அல்லது அதற்கும் கூடுதலான தோல் அழற்சி காலெண்டுலா என்னும் பூச்செடியிலிருந்து செய்த களிம்பு பூசியவர்களில் 41 விழுக்காட்டினருக்கும், மூலிகையல்லாத டிரோலமின் களிம்பு பூசியவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் வந்தது. காலெண்டுலாவையும் மேரிகோல்டு என்று அழைப்பதால் நம்மூர்க் கேந்திப்பூவை அரைத்துப் பூச நினைப்பவர்கள் உண்டு; கேந்தி வேறு செடி. மஞ்சளின் கதையும் கவனிக்கத்தக்கது: 30 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தந்த, மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் சத்து, 686 பேரிடம் உட்கொள்ளக் கொடுத்துப் பார்த்தபோது சொல்லத்தக்க பலன் தரவில்லை. இவை மாத்திரையாக விழுங்கியவை என்பதால், அம்மியில் அரைத்த மஞ்சள் பற்றுக்கு இரண்டுமே சான்றாகா.

மருத்துவர் ஒப்புக்கொண்டால், கதிர் படாத முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவுங்கள். சோற்றுக்கற்றாழையானால், வெட்டியதும் கசியும் மஞ்சள் பாலை முழுதும் வடியவிட்டுக் கழுவிய சோற்றையே எடுக்க வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஒன்றும் வராவிட்டால், கதிர் படும் இடத்தின் ஒரு பாதியில் மூலிகையையும் மறு பாதியில் மருத்துவர் தந்த சாதாரணக் களிம்பையும் மெல்லியதாகப் பூசி, நாள்தோறும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து ஒப்பிடலாம். வியர்வையும் உராய்வும் மிகுந்த அக்குள் மடிப்பை நெஞ்சின் சமதளத்தோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். சிகிச்சைக்காக இட்ட அடையாளக் கோடுகள் அழியக் கூடாது. சிகிச்சைக்குச் செல்லும்போது தோலில் கனத்த பூச்சு இருக்கக் கூடாது. கடைசிச் சிகிச்சைக்குப் பிறகும் ஓரிரு வாரம் புண் கூடி, பின்பு பெரும்பாலும் தானாகவே ஆறும் என்பதால், அந்த நேரத்தில் தொடங்கிய எந்த மூலிகையும் கைகண்ட மருந்து போலத் தோன்றிவிடும்.

தோல் உரிந்து நீர் கசிந்தாலும், சீழோ காய்ச்சலோ கண்டாலும் பூச்சை அன்றே நிறுத்திவிட்டு, அடுத்த முறைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.