'அவதார்' லைவ் ஆக்‌ஷன் தொடரைத் திட்டுவதற்கும் கொண்டாடுவதற்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 பிப்ரவரி 22 அன்று, அதே பெயரிலான அனிமேஷன் தொடரை நடிகர்களைக் கொண்டு மறுபடி எடுத்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' லைவ் ஆக்‌ஷன் தொடரின் முதல் சீசனின் 8 எபிசோடுகளும் நெட்ஃபிளிக்ஸில் ஒன்றாக வெளியாயின. நீர், நிலம், நெருப்பு, காற்று இவற்றில் ஒன்றை வித்தையால் அசைக்கக்கூடியவர்கள் வாழும் உலகம் அது; நான்கையும் ஆளக்கூடிய ஒரே ஒருவன் அவதார், சிறுவன் ஆங். அன்றைக்கே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்றது ஒரு கட்சி. "அப்படியே கண்முன் கொண்டுவந்துவிட்டார்கள்" என்றது இன்னொரு கட்சி. அனிமேஷன் தொடரை மனப்பாடமாகத் தெரிந்தவன் என்ற முறையில் நானும் அந்த வாரம் இரண்டையும் மாறி மாறிச் சொல்லியிருக்கிறேன். பிறகு இரண்டு தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நம் எதிர்வினைகளில் பெரும்பாலானவை திரையில் ஓடிய காட்சியைப் பற்றியவையே அல்ல என்று தோன்றியது. அவை நம் நினைவைப் பற்றியவை, ட்ரெய்லரைப் பற்றியவை, யாரோ கொடுத்த பேட்டியைப் பற்றியவை. இனி வருவதில் இரண்டு தொடர்களின் கதையும் வெளிப்படும்; இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆங்கின் பயணத்தில் தங்கை கட்டாராவோடு துணைவரும் சொக்காவின் விவகாரத்திலிருந்து தொடங்குகிறேன். தொடர் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, சொக்காவின் ஆணாதிக்கப் பேச்சைக் குறைத்திருக்கிறோம் என்று நடிகர்கள் ஒரு பேட்டியில் சொன்னார்கள். உடனே புயல் கிளம்பியது. ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல் ஒரு பக்கம் கொதித்தது, மறு பக்கம் வரவேற்றது. பேட்டியில் வந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் எதுவும் பேச முடியாது. அந்த மாற்றம் சொக்காவின் பாத்திரத்தைச் சுருக்கியதா, வேறு திசையில் வளர்த்ததா என்பதைப் படம் மட்டுமே சொல்லும்.

பார்த்த பிறகு பேச எவ்வளவு இருக்கிறது என்று கவனியுங்கள். அனிமேஷனின் முதல் எபிசோடில் சொக்கா தன் தங்கையைப் பெண் என்று இளக்காரமாகப் பேசுகிறான். கட்டாரா வெகுண்டு கத்துகிறாள். அவள் கை வீசும் வேகத்தில், அவளுடைய நீர் வித்தையால், அவளுக்கே தெரியாமல், பின்னால் நிற்கும் பனிப்பாறையில் விரிசல் விழுகிறது. உள்ளே 100 ஆண்டுகளாக உறைந்து கிடந்த ஆங் வெளியே வருவது அந்த விரிசலால்தான். மொத்தக் கதையையும் திறந்துவிட்டது ஒரு தங்கையின் கோபம். நான்காவது எபிசோடில் பெண் போர்வீரரான சுகியிடம் தோற்று, மண்டியிட்டு, கற்றுக்கொடு என்று கேட்கும்போது சொக்கா மாறத் தொடங்குகிறான்.

புதிய தொடரில் அவனுக்கு வேறு காயத்தைக் கொடுத்திருக்கிறார்கள். தன் தந்தைக்குத் தன்மீது நம்பிக்கை இல்லை என்பதை ஒட்டுக்கேட்டு அறிந்த பையன் அவன். கருவிகளின்மேல் கை இயல்பாகப் போகிறவன், ஆனால் போர்வீரனாகத்தான் இருந்தாக வேண்டும் என்று தன்னையே நெருக்கிக்கொள்கிறவன். நல்ல கற்பனை. இயன் ஔஸ்லி அதை நன்றாகவே நடித்திருக்கிறார். ஆகவே சொக்காவுக்குப் பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து. இழந்தவள் கட்டாரா. எதிர்த்துச் சீற அண்ணன் இடம் கொடுக்காததால் அவளுடைய நெருப்பு தணிந்துபோய், முதல் பாதி முழுவதும் அவள் மென்குரலில் ஆறுதல் சொல்லும் பெண்ணாகவே நிற்கிறாள். ஒரு பாத்திரத்தின் குறையை அகற்றினால் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தின் பலமும் சேர்ந்து போய்விடக்கூடும். பேட்டியை வைத்துச் சண்டை போட்ட இரு தரப்பும் சொக்காவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் கட்டாராவைக் கவனிக்கவே இல்லை.

அளவுகோல் எது?

மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. அது எங்கே சறுக்குகிறது என்பதற்குப் புதிய தொடரின் முதல் எபிசோடிலேயே சான்று இருக்கிறது. அனிமேஷனின் ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் வரும் முன்னுரையை, நீர், நிலம், நெருப்பு, காற்று என்று தொடங்கும் அதே வாசகங்களை, இங்கே கட்டாராவின் பாட்டியின் வாயில் வைத்திருக்கிறார்கள். பழைய ரசிகனுக்குக் கேட்டவுடன் மெய் சிலிர்க்கத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்து யோசித்துப் பாருங்கள். அனிமேஷனில் அது கட்டாராவின் குரல், நம்மிடம் பேசுகிறது. குரலுக்கு ஏற்ப நால்வர் வித்தை காட்டுகிறார்கள். இங்கே ஒரு மூதாட்டி, அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு சிறுவனுக்கு முன்னால் நின்று உலக வரலாற்றை ஒப்பிக்கிறார். வாசகங்கள் மாறவில்லை, ஆனால் காட்சி பாடம் நடத்துவதுபோல் ஆகிவிட்டது.

மறுபக்கம் பாருங்கள். மூலத்தில் இல்லாத ஒன்றுதான் இந்த சீசனின் சிறந்த காட்சி என்பேன். இளம் வீரர்கள் கொண்ட 41ஆவது படைப்பிரிவைப் பலி கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பேசியதால்தான் நெருப்பு நாட்டு இளவரசன் ஜூகோ தந்தையின் கையால் முகம் கருகி நாடு கடத்தப்படுகிறான். இது அனிமேஷனிலும் உண்டு. அவனுடைய பெரியப்பா ஐரோ அதை அவனுடைய கப்பல் ஊழியர்களுக்குச் சொல்வார், அவர்கள் இளவரசனைப் புதிய கண்ணோடு பார்ப்பார்கள். புதிய தொடர் ஒரே ஒரு அடி கூடுதலாக எடுத்து வைக்கிறது: இத்தனை நாளும் அவனை மனதுக்குள் திட்டியபடி கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தவர்களே அந்த 41ஆவது படைப்பிரிவு. தங்கள் உயிருக்குக் கொடுத்த விலைதான் அவன் முகத்தழும்பு என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரியவருகிறது. ஜூகோ கப்பலுக்குத் திரும்பும்போது அவர்கள் வரிசையாக நின்று வணங்குகிறார்கள். அவனுக்கு எதுவும் புரியவில்லை. மரியாதைக்குப் பழகாத ஒருவனின் திகைப்பு, ஜூகோவாக நடித்த டல்லஸ் லியூவின் முகத்தில் வந்து போகிறது. மூலத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறவர், இதை 'மாற்றம்' என்ற பட்டியலில் சேர்த்துக் கழித்திருப்பார்.

மாற்றம் என்பதாலேயே அதைப் பாராட்டிவிடவும் முடியாது. அனிமேஷனில் ஆங் ஓடிப்போகிறான். தன்னைத் தன் குரு கியாட்சோவிடமிருந்து பிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இரவோடு இரவாகக் கிளம்பிவிடுகிறான். அவன் இல்லாத நேரத்தில் அவன் மக்கள் முழுவதும் அழிகிறார்கள். 12 வயதுப் பையனின் நெஞ்சில் அது கல்லாகக் கிடக்கிறது; அவன் அவ்வளவு விளையாட்டுத்தனமாக இருப்பதற்கே அதுதான் காரணம் என்று பிறகுதான் நமக்கு உறைக்கிறது. புதிய தொடரில் அவன் ஓடவில்லை. மனம் ஆறுவதற்காகப் பறக்கும் காட்டெருமை ஆப்பாவின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்று கிளம்புகிறான், புயலில் சிக்குகிறான். தவறு அவனுடையதாக இல்லாமல் விபத்தாகிவிடுகிறது. ஆனால் பிந்தைய எபிசோடுகள் அவனை ஓடிப்போனவனாகவே குற்றம் சாட்டுகின்றன. நான் வருத்தப்படுவது இந்த முரணுக்காக. "மூலத்தில் இப்படி இல்லையே" என்று மட்டும் சொல்லியிருந்தால், அனிமேஷனைப் பார்க்காத ஒருவருக்கு என் வருத்தம் கடைசிவரை புரிந்திருக்காது. தொடர் தனக்குத்தானே முரண்படுகிறது என்று சொன்னால் புரியும்.

நேரம் போதவில்லை என்ற சமாதானம்

20 எபிசோடை 8 எபிசோடில் எப்படி அடக்குவது, பாவம் அவர்கள், என்கிற இரக்கத்தையும் அடிக்கடி கேட்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அனிமேஷனின் முதல் சீசன், எபிசோடுக்கு ஏறக்குறைய 23 நிமிடம் என்று வைத்தால் 460 நிமிடம், ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல். புதிய சீசன் ஏழு மணி நேரத்தை ஒட்டி வருகிறது. பெரிய வித்தியாசம் இல்லை. இடிப்பது நேரத்தின் அளவைவிட அதன் வடிவம். இருபது சிறுகதைகளாக இருந்ததை எட்டு நீண்ட அத்தியாயங்களாக்கும்போது தனித்தனி ஊர்களில் நடந்தவை ஒரே ஊருக்கு வந்து சேர்கின்றன. ஓமாஷு நகரத்தைப் பாருங்கள்: மன்னர் பூமி, ஜெட்டின் கலகக் கூட்டம், வேறொரு கோயிலில் இருக்க வேண்டிய இயந்திரவியலாளர், இரண்டாம் சீசனில் வரும் ரகசியச் சுரங்கம் எல்லாம் அந்த ஒரே நகரத்தில், இரண்டே எபிசோடுகளில். தனியாகப் பயணம் செய்த கதையில் நெரிசல் வந்துவிட்டது. குறை சொல்வதானால் இதைச் சொல்லலாம். இரக்கப்படுவதானாலும் இதற்காகவே இரக்கப்படலாம்.

2010இல் வந்த திரைப்படத்தோடு ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முழு சீசனை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படமாகச் சுருக்கி, முக்கியப் பாத்திரங்களின் பெயர் உச்சரிப்பைக்கூட மாற்றிய முயற்சி அது. அதைவிட மேல் என்பது பாராட்டாகாது.

நினைவு செய்யும் வேலை

இதுதான் என்னை அதிகம் தடுமாற வைத்த இடம். மகனை இழந்த ஐரோ ஒரு மரத்தடியில் தனியாக அமர்ந்து பாடும் காட்சி அனிமேஷனின் இரண்டாம் சீசனில், தொடக்கத்திலிருந்து எண்ணினால் 35ஆவது எபிசோடில் வருகிறது. அதுவரை தேநீரும் சிரிப்புமாக இருந்த மனிதர் அங்கே உடைந்து அழுகிறார். அவருக்கு முதலில் குரல் கொடுத்த மாக்கோ 2006இல் காலமானதால், அந்தப் பகுதி அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது. புதிய தொடர் அதே மெட்டை நான்காவது எபிசோடிலேயே மகனின் இறுதிச்சடங்குக் காட்சியில் ஒலிக்கவிடுகிறது. நான் அழுதேன். மறுநாள் அதே காட்சியைத் திரும்பப் பார்த்தபோது, 35 எபிசோடுகள் ஐரோவோடு பழகிய பழக்கம்தான் முதல்நாள் என்னை அழ வைத்தது என்று தெரிந்தது. காட்சியும் நன்றாகத்தான் இருக்கிறது, துக்கத்துக்கு வரும் ஜூகோ பெரியப்பாவின் பக்கத்தில் உட்காரும் விதம் உண்மையானது. ஆனாலும் கண்ணீரில் பாதி கடன்.

நினைவு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 61 எபிசோடுகள் முடிந்த ஜூகோவை மனதில் வைத்துக்கொண்டு 8 எபிசோடே ஆன ஜூகோவை மதிப்பிடுகிறோம். அனிமேஷனின் முதல் சீசனில் எல்லாமே உன்னதமாக இருந்ததாக நினைக்கிறோம். இரண்டு குலங்கள் பள்ளத்தாக்கைக் கடக்கும் 11ஆவது எபிசோடை ரசிகர்களே மிகப் பலவீனமானது என்பார்கள். மூன்றாம் சீசனில் அந்தத் தொடரே அதைக் கிண்டல் செய்திருக்கிறது. புதியதை எடை போடுவதற்கு முன் பழைய முதல் சீசனில் நாலைந்து எபிசோடுகளையாவது திரும்பப் பாருங்கள். கேலிச் சித்திர முகபாவங்கள் எவ்வளவு அதிகம் என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மனித முகத்தில் அதைச் செய்யச் சொன்னால் சகிக்காது.

சண்டைக்காட்சிகளில் கிராபிக்ஸை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதும் அப்படித்தான். இந்த உலகத்தின் வித்தைகள் நிஜத் தற்காப்புக் கலைகளை அடிப்படையாகக் கொண்டவை: நீருக்குத் தாய்ச்சி, நிலத்துக்கு ஹுங்கர், நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா. நடிகரின் பாதத்தைக் கவனியுங்கள். எடை மாறும் அதே கணத்தில் தீ பாய்ந்தால் நம்புகிறோம். கை ஒரு பக்கம், தீ ஒரு பக்கம் என்றால் எவ்வளவு செலவு செய்திருந்தாலும் ஒட்டாது. ஜூகோவின் சண்டைகள் பிடித்துப்போவதற்கும் சில கூட்டச் சண்டைகள் வெறுமையாக இருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். ஆங்காக நடித்த கார்டன் கார்மியருக்குப் படப்பிடிப்பின்போது வயது 12 அளவில்தான் இருக்கும். பாத்திரத்தின் வயதும் அதுவே. அவன் வாயில் வைக்கப்பட்ட நீளமான விளக்க வசனங்களை அவன் எழுதவில்லை, எந்த டேக்கை வைப்பது என்று அவன் முடிவு செய்யவுமில்லை. வசனம் பிடிக்கவில்லை என்றால் எழுத்தைச் சொல்லுங்கள், காட்சி தளர்ந்தால் இயக்கத்தையும் எடிட்டிங்கையும் சொல்லுங்கள். ஒரு குழந்தையின் முகத்தையும் குரலையும் கேலி செய்வதை விமர்சனம் என்று ஏற்க என்னால் முடியாது.

மூலத்தை உருவாக்கிய டிமார்ட்டினோவும் கோனியெட்ஸ்கோவும் 2020இல் இந்தத் திட்டத்திலிருந்து விலகியதைத் தீர்ப்பாகவே பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மைச் செய்தி, வருத்தமான செய்தி. ஆனால் 41ஆவது படைப்பிரிவின் காட்சி அவர்கள் போன பிறகு வந்தது. பாட்டியின் பாடமும் அப்படியே.

புதிதாகப் பார்க்க வருகிறவரிடம் "இதை விடு, அனிமேஷனைப் பார்" என்று முதல் வாக்கியத்திலேயே கதவைச் சாத்துவதையும் நிறுத்திக்கொள்ளலாம். நம்மிடம் இல்லாத ஒன்று, நினைவின் சுமை இல்லாத கண், அவரிடம் இருக்கிறது. அனிமேஷனைப் பார்த்தே இராத என் தோழி ஒருவர் எட்டு எபிசோடுகளையும் முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீர் வித்தை கற்றுக்கொள்ளத்தானே அந்தப் பையன் வடதுருவம்வரை போனான், கடைசிவரை ஏன் கற்றுக்கொள்ளவே இல்லை?" அனிமேஷனின் முதல் சீசனுக்குப் பெயரே 'நீர்' என்றும், அதில் ஆங் பாதி சீசனுக்குள்ளேயே பயிற்சியில் இறங்கிவிடுவான் என்றும் நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.